உஷார்! தொற்றுக் காலத்தில் கல்லூரி டீம் கூப்பிட்டால்…

2020 அக்டோபர் 10. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, டெக்சாஸ் போய் 41-38 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம் பேசிய கோச் டேன் மல்லன், அந்த ஊர்க் கூட்டத்தின் சத்தமும் தோல்விக்கு ஒரு காரணம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் எங்கள் ஸ்டேடியத்தில் 90,000 பேரை நிரப்ப வேண்டும் என்றார். கொரோனாவுக்குத் தடுப்பூசியே வராத காலம் அது. அவர் கேட்ட கூட்டம் வருவதற்கு முன்பே தொற்று வந்துவிட்டது. மூன்றாம் நாள் பயிற்சி நின்றது. நான்காம் நாள் ஆட்டம் தள்ளிப்போனது. அணியில் 20 பேருக்கு மேல் பாசிட்டிவ். அந்த வாரம் முடிவதற்குள் மல்லனுக்கும் பாசிட்டிவ்.

அந்த அணிக்கு எந்த வசதியும் குறைவில்லை. சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். வாரத்தில் மூன்று முறை பரிசோதனை நடந்தது. பயணத்துக்குத் தனி விமானம், சாப்பாட்டைக் கவனிக்கத் தனி ஆட்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு வாரத்தில் கதை இப்படி மாறியது. இங்கே நம் பிள்ளைகள் ஒரே வாட்டர் பாட்டிலை டீம் முழுக்கச் சுற்றவிட்டு ஆடுகிறவர்கள். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

கொரோனா முடிந்த கதை, இப்போது எதற்கு இது என்று கேட்பீர்கள். இன்னொரு தொற்று வராது என்று எந்த விஞ்ஞானியும் உத்தரவாதம் தரவில்லை. அது வரும்போது முதல் இரண்டு மாதம் எல்லாம் மூடிக்கிடக்கும். மூன்றாவது மாதம் கல்லூரியிலிருந்து போன் வரும். “மற்ற ஸ்டூடண்ட்ஸுக்கு ஆன்லைன் கிளாஸ்தான், டீம் பசங்க மட்டும் வாங்க, எல்லாப் பாதுகாப்பும் பண்ணியிருக்கோம்” என்பார்கள். அந்த போனுக்கு என்ன பதில் சொல்வது என்பதை இன்றைக்கே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.

அந்தக் கேள்விக்கான பதிலை ஒரு தேசமே கண்ணெதிரே நடத்திக் காட்டிவிட்டது. அமெரிக்காவில் 2020-21 கல்வி ஆண்டில் நடந்ததைப் படித்தாலே போதும், நமக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது.

முதலில் நிறுத்தினார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். 2020 மார்ச் 12-ம் தேதி, அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, நாடே காத்திருக்கும் கூடைப்பந்துப் போட்டியை ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் ரத்து செய்தது. அதற்கு முந்தைய இரவுதான் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் ரூடி கோபேருக்குப் பாசிட்டிவ் வந்து அந்த லீக்கே நின்றிருந்தது. எல்லோருக்கும் பயம் இருந்தது. பயம் இருக்கும்வரை முடிவுகளும் சரியாக இருந்தன.

கோடையில் பயம் குறைந்தது, கணக்கு தொடங்கியது. அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து கிடையாது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, எதிராளியை முழு உடம்பாலும் மோதிச் சாய்ப்பது. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு ஊரிலும் லட்சம் பேர் வரை கூடுவார்கள். டிவி உரிமையிலும் டிக்கெட்டிலும் பணம் கொட்டும். மற்ற விளையாட்டுகளுக்கு ஆகும் செலவைப் பெரும்பாலும் இந்த ஒரு ஆட்டம்தான் தாங்குகிறது. அதை நிறுத்தினால் பட்ஜெட் ஆட்டம் காணும்.

யார் முதலில் நிறுத்தினார்கள் என்று பாருங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் இருக்கும் ஐவி லீக், ஜூலை 8-ம் தேதியே அந்தப் பருவத்தில் எந்த விளையாட்டும் கிடையாது என்று அறிவித்தது. இந்தக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை, ஃபுட்பால் வருமானத்தை நம்பியும் நடக்கவில்லை. பணம் எவ்வளவு குறைவாகச் சிக்கியிருந்ததோ அவ்வளவு சீக்கிரம் உண்மை கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய பணம் புழங்கும் பிக் டென், பேக்-12 பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள் ஆகஸ்ட் 11-ல்தான் தள்ளிவைத்தன. அதற்கு முந்தின நாள் அதிபர் ட்ரம்ப்பே ‘ஆட விடுங்கள்’ என்று ட்விட்டரில் எழுதினார். அந்தத் தள்ளிவைப்பு ஐந்து வாரம்தான் தாங்கியது. செப்டம்பர் 16-ல் பிக் டென் முடிவை மாற்றிக்கொண்டது, எட்டு நாள் கழித்து பேக்-12-ம் மாற்றிக்கொண்டது. அந்த ஐந்து வாரத்தில் வைரஸ் எங்கேயும் போய்விடவில்லை. தினசரி விரைவுப் பரிசோதனை கிடைக்கத் தொடங்கியது நிஜம். ஆனால் மற்ற கூட்டமைப்புகள் ஆடிக்கொண்டிருக்க நாம் மட்டும் சும்மா இருப்பதா என்ற நெருக்கடியும் அதே அளவு நிஜம்.

வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் நடந்தது என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த மாநிலப் பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்ட் 10-ல் வகுப்புகளைத் திறந்தது. ஒரே வாரத்தில் 130 மாணவர்களுக்குத் தொற்று. ஹாஸ்டல்களில் கொத்துக் கொத்தாகப் பரவியது. ஆகஸ்ட் 17-ம் தேதி இளநிலை வகுப்புகளை எல்லாம் ஆன்லைனுக்கு மாற்றினார்கள். வகுப்பறையில் மாஸ்க் போட்டு, இடைவெளி விட்டு உட்கார்ந்து பாடம் கேட்பதைக்கூட நிர்வாகம் நிறுத்திவிட்டது. ஆனால் ஃபுட்பால் பயிற்சி தொடர்ந்தது. செப்டம்பர் 12-ம் தேதி அதே வளாகத்தில் அணி முதல் ஆட்டம் ஆடி, சிரக்யூஸை 31-6 என்று ஜெயித்தது.

இதற்கு அவர்கள் சொன்ன சமாதானம், வளாகத்தில் ஆள் குறைந்தால் அணிக்கு இன்னும் பாதுகாப்பு என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மாணவன் வேதியியல் வகுப்பில் உட்கார முடியாத இடத்தில், இன்னொருவன் மூச்சு முகத்தில் படும்படி கட்டிப் புரள வேண்டும் என்றால், அந்த இரண்டாவது பையன் அங்கே மாணவனாக இல்லை. சம்பளம் இல்லாத வேலையாளாக இருக்கிறான். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் உடனே கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் இது: வகுப்பு மூடியிருக்கிறது, கிரவுண்ட் மட்டும் திறந்திருக்கிறது.

இப்போது தொற்று எங்கே பரவுகிறது என்று பார்ப்போம். பெற்றோர் எல்லோரும் மைதானத்தைத்தான் பார்க்கிறார்கள். மோதும்போது ஒட்டிக்கொள்ளுமோ, பந்து வழியாக வருமோ என்று கேட்கிறார்கள். திறந்தவெளி மைதானம் ஒப்பிடும்போது சின்ன ஆபத்து. காற்று அடிக்கிறது, மூச்சில் வருவதைக் கலைத்துவிடுகிறது. அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். அந்த வருடம் வீரர்களின் கையில் கருவி கட்டி, யார் யாருக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று கணக்கெடுத்தது. தொற்று கிடைத்த இடங்கள் பெரும்பாலும் மீட்டிங் அறை, வண்டி, சாப்பாட்டு மேசை. ஒரே தடவையில் 15 நிமிடம் பக்கத்தில் இருந்தால்தான் தொற்றும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததும் அங்கே அடிபட்டுப் போனது. அதற்கும் குறைவான நேரத்திலேயே சிலருக்குத் தொற்றியிருந்தது. அதன்பிறகுதான் மீட்டிங்கை வீடியோவுக்கு மாற்றி, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டம் என்றால் நிலைமையே வேறு. 2020 ஜூன் 16, ஃப்ளோரிடாவின் டாம்பா பகுதியில் உள்ளரங்கு ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்தது. பொழுதுபோக்குக்காக ஆடும் இரண்டு அணிகள், அணிக்குப் பதினொரு பேர், ஒரு மணி நேர ஆட்டம். அதில் ஒருவருக்கு மறுநாள் காய்ச்சல் கண்டது. ஆடும்போது அவர் நன்றாகத்தான் இருந்தார். சில நாட்களில் அன்று ஆடிய 22 பேரில் 14 பேருக்கும், அரங்க ஊழியர் ஒருவருக்கும் நோய் அறிகுறி வந்துவிட்டது. எதிரணிக்காரர்களும் அதில் உண்டு. மூடிய அரங்கம், குளிர்ந்த காற்று, மூச்சு வாங்கும் ஆட்டம், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உடை மாற்றும் அறை. இத்தனையும் சேர்ந்தால் ஒரு மணி நேரமே அதிகம்.

வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10-ம் தேதி நடந்த ஒரு பாட்டுப் பயிற்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டரை மணி நேரம், 61 பேர் கூடிப் பாடினார்கள். 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். யாரும் யாரையும் மோதிச் சாய்க்கவில்லை, பாடத்தான் செய்தார்கள்.

இனி நம் கபடியை நினைத்துப் பாருங்கள். பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நடுவருக்குக் கேட்காவிட்டால் அவுட். எதிரே ஏழு பேர் கை கோத்து நிற்பார்கள். பிடி விழுந்தால் நாலு பேர் மேலே விழுவார்கள், அப்போதும் அவன் பாடிக்கொண்டேதான் கோட்டைத் தொடத் துடிப்பான். சத்தமாகப் பாடுவது, முகத்துக்கு முகம் நெருங்குவது, மூச்சிரைப்பு, உடம்போடு உடம்பு கட்டிப் புரள்வது, எல்லாம் ஒரே ஆட்டத்தில். போதாக்குறைக்கு இப்போது மேட் போட்டு உள்ளரங்கில் ஆடுகிறோம். மூச்சுக்காற்றில் பரவும் நோய் ஊரில் இருக்கும்போது, நம் கல்லூரி விளையாட்டுகளில் முதலில் நிறுத்த வேண்டியதும் கடைசியில் தொடங்க வேண்டியதும் கபடிதான் என்பது என் கருத்து. கபடிக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கபடிக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. ஒரு மண்டலப் போட்டிக்கு டீம் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். கல்லூரி கொடுக்கும் டி.ஏ.வை மிச்சம் பிடிக்க அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறுவார்கள். பன்னிரண்டு பேருக்கு நாலு சீட், மீதிப் பேர் கதவோரம். போய் இறங்கினால் போட்டி நடத்தும் கல்லூரியில் ஒரு வகுப்பறையை ஒதுக்கியிருப்பார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தால் தோளோடு தோள் இடிக்கப் படுக்கலாம். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இரவு ஒரே தட்டில் நாலு கை பரோட்டா பிய்க்கும். பக்கத்து வகுப்பறையில் வேறு மாவட்டத்து டீம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்று நாள் கழித்து எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். ஒரு மாநிலத்தின் பத்துப் பதினைந்து ஊர்களுக்கு ஒரு நோயைக் கொண்டுசேர்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. சாதாரண நாளில் அந்த மூன்று நாள்தான் கல்லூரி வாழ்க்கையின் மிகச் சிறந்த நாட்கள். அதனால்தான் வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வாய் வராது. பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டோம், நெகட்டிவ்” என்பார்கள். இதில்தான் மிக உஷாராக இருக்க வேண்டும். நெகட்டிவ் என்றால் சாம்பிள் எடுத்த அந்த நேரத்தில் மூக்கில் கிருமி அகப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நேற்றுத் தொற்றியவனுக்கு இன்று நெகட்டிவ் வரும், நாளை மறுநாள் பாசிட்டிவ் வரும், இடையில் அவன் ஆடியிருப்பான். பிக் டென் தினமும் பரிசோதனை செய்தது. அப்படியும் விஸ்கான்சின் அணி அக்டோபர் 23-ல் முதல் ஆட்டத்தை ஜெயித்த ஐந்தாம் நாளில் கோச்சையும் சேர்த்து 12 பேருக்குத் தொற்று. அடுத்த இரண்டு ஆட்டமும் ரத்து. ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் 1918 முதல் ஒரு வருடம் விடாமல் மோதி வந்த அணிகள். 2020 டிசம்பரில் மிச்சிகன் அணிக்குள் தொற்று பரவி அந்த ஆட்டமே நடக்கவில்லை. தினசரிப் பரிசோதனையின் நிலையே இது என்றால், போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஒரே ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவது வெறும் சடங்கு.

தடுப்பூசி வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? 2021 ஜூனில் வட கரோலினா ஸ்டேட் பேஸ்பால் அணி, தேசியப் போட்டியின் இறுதிக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் நின்றது. தொற்றால் ஆட்கள் குறைந்து 13 வீரர்களோடு ஒரு ஆட்டம் ஆடினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இறங்கும் முன் போட்டியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அணியில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டிருக்கவில்லை.

அடுத்தது இதயம். இதில் பயமுறுத்தவும் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது. 2020 செப்டம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஒஹாயோ ஸ்டேட் டாக்டர்கள், கொரோனா வந்து தேறிய 26 கல்லூரி விளையாட்டு வீரர்களின் இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு இதயத் தசையில் அழற்சி இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. மயோகார்டைட்டிஸ் என்பார்கள். நான்கில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், இருமல் எதுவுமே இருந்ததில்லை. நாடே அதிர்ந்தது. பிறகு பெரிய அளவில் பார்த்தபோது விகிதம் நன்றாகவே குறைந்தது. 2021-ல் வெளிவந்த பிக் டென் ஆய்வில் 1,597 பேரில் 37 பேருக்கு, அதாவது நூற்றில் இரண்டு பேரைச் சற்றுத் தாண்டி. வேறு பல கல்லூரிகளைச் சேர்த்த இன்னொரு ஆய்வில் தொற்று வந்த 3,018 பேரில் 21 பேருக்கு மட்டும் இதயத்தில் பாதிப்பின் அடையாளம். முதலில் பயந்த அளவுக்கு இல்லை, உண்மைதான்.

ஆனால் அந்த 37 பேரைப் பற்றி ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று இதயம் சம்பந்தமான தொந்தரவு சொன்னவர்களை மட்டும் சோதித்திருந்தால் 5 பேர்தான் கண்ணில் பட்டிருப்பார்கள். மீதி 32 பேரும் “நல்லாத்தான் இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு ஓடப் போயிருப்பார்கள். அழற்சி உள்ள இதயத்தோடு முழு வேகத்தில் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, ஆள் அப்படியே சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் மயோகார்டைட்டிஸ் வந்த விளையாட்டு வீரரை மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியிலிருந்து விலக்கி வைக்க அப்போது சொன்னார்கள் இதய நிபுணர்கள். பிக் டென்னே பாசிட்டிவ் வந்தவரை 21 நாள் கழித்து, இதயப் பரிசோதனை எல்லாம் முடித்துத்தான் களத்தில் இறங்கவிட்டது. நம் ஊரில் காய்ச்சல் விட்ட மறுநாளே “லேசா ரெண்டு ரவுண்டு ஓடு, வியர்த்தா சரியாயிடும்” என்பார்கள். பி.டி. சார்களே, அந்த வார்த்தையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வைரஸ் காய்ச்சல் எதுவானாலும் அந்த வார்த்தை ஆபத்தானது.

இளைஞர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சும் அரைகுறை. பென்சில்வேனியாவில் 20 வயது ஃபுட்பால் வீரர் ஒருவர், கொரோனாவும் நிமோனியாவும் வந்த பின் இதயத்தில் ரத்தம் கட்டி 2020 செப்டம்பரில் இறந்தார். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவர் கல்லூரி அந்தப் பருவ ஆட்டங்களை ரத்து செய்திருந்தது, அவர் போட்டியில் ஆடி இறக்கவில்லை. ஆனால் திடகாத்திரமான உடம்பு கேடயம் என்று நம்புகிறவர்களுக்கு அவர் மரணம்தான் பதில்.

அப்புறம் கையெழுத்து. 2020 கோடையில் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் காகிதம் நீட்டின. ஆபத்து தெரிந்தேதான் வருகிறேன், எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்ற தொனியில் உறுதிமொழிகள். எதிர்ப்பு கிளம்பியதால் ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. தலையிட்டு, சட்டப் பொறுப்பிலிருந்து கல்லூரி நழுவும்படியான படிவங்களை வாங்கக் கூடாது என்று தடை போட்டது. அதே மாதம் கொலராடோ ஸ்டேட்டில், அறிகுறிகளைச் சொல்லாதே என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக வீரர்கள் புகார் செய்து, விசாரணை வரை போனது. பாசிட்டிவ் என்றால் இடம் போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்தப் பையனும் உண்மை பேசமாட்டான்.

நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். சீட்டே விளையாட்டால் கிடைத்தது. ஹாஸ்டல் ஃபீஸ் சலுகை, ஓ.டி. அட்டெண்டன்ஸ், நாளைக்கு வேலைக்குக் காட்ட ஒரு சான்றிதழ், எல்லாம் டீமில் இருப்பதைப் பொறுத்தது. அவனிடம் போய் “விருப்பம் இருந்தா வா, கட்டாயம் இல்லை” என்றால் அது விருப்பம் கேட்டதாகாது. வராவிட்டால் சீட்டுக்கும் சலுகைக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று கல்லூரி எழுதிக் கொடுத்தால் மட்டுமே அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியும்.

தொற்றின் விலையைக் கடைசியில் யார் கொடுக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலும் ஆடியவர்கள் கொடுப்பதில்லை. ஃப்ளோரிடாவில் 2020 டிசம்பரில் பள்ளி மாணவர்களின் மல்யுத்தப் போட்டிகளில் கலந்துகொண்ட 130 பேரில் 38 பேருக்குத் தொற்று உறுதியானது. பாதிப்பேர்கூடப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்ற நிலையில் கிடைத்த எண்ணிக்கை இது. அவர்களோடு பழகியவர்களுக்கும் பரவி, அப்படிப் பழகிய பெரியவர் ஒருவர் இறந்தார். மல்யுத்தம் ஆடிய பையன்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் ஊரில் கல்லூரி மாணவர்களிடையே பரவிய கிருமியின் மரபணு வரிசையை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து போனபோது, அதே வகை முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குள் போய் உயிர்களை வாங்கியிருந்தது. மாணவர்களுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போயிருக்கும்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்பதையும் நம்பாதீர்கள். 2020 நவம்பர் 7-ம் தேதி இண்டியானாவில் நாட்டர் டேம் அணி, முதலிடத்தில் இருந்த கிளெம்சனை வீழ்த்தியது. அரங்கில் பெரும்பகுதியைக் காலியாக வைத்து, இடைவெளி விட்டு உட்கார வைத்திருந்த சுமார் 11,000 பேரில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் மறு நிமிடம் மைதானத்துக்குள் பாய்ந்து கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இருக்கைத் திட்டம் போட்டவர்கள் வெற்றிக்குத் திட்டம் போடவில்லை. 2021 ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியை ஒரே மாநிலத்துக்குள் அடைத்து, கடும் கட்டுப்பாட்டோடு நடத்தினார்கள். அப்போதும் ஒரு அணி, முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு தொற்றால் வெளியேற்றப்பட்டது. அங்கே போய் ஆட்டம் பார்த்துத் திரும்பிய 23 வயது மாணவ ரசிகர் ஒருவர் கொரோனாவால் இறந்துபோனார்.

நம் நாட்டில் மிகப் பணக்கார ஏற்பாடு ஐ.பி.எல். 2021-ல் ஏப்ரல் 9-ம் தேதி சென்னையில் தொடங்கியது. ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் தவிர வீரர்கள் ஹோட்டலை விட்டு நகரக் கூடாது, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. இந்த ஏற்பாட்டைத்தான் ‘குமிழி’ என்றார்கள். மே 3-ம் தேதி கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும், சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜிக்கும் பாசிட்டிவ். மறுநாள் போட்டியையே நிறுத்தினார்கள். கோடிகளைக் கொட்டிய குமிழி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கல்லூரி ஹாஸ்டலில் குமிழி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

அப்படியானால் பிள்ளைகள் வருடக்கணக்கில் சும்மா இருக்க வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இருபது வயதில் ஒரு சீசன் போவது சின்ன இழப்பு இல்லை. பயிற்சி இல்லாமல் அறைக்குள் அடைபட்டு மனம் உடைந்த பிள்ளைகளும் உண்டு. திறந்தவெளியில், நாலைந்து பேராக, தனித்தனிப் பாட்டிலோடு ஓட்டம், உடற்பயிற்சி, தனித்திறன் பயிற்சி செய்யலாம். ஓட்டப்பந்தயம், டென்னிஸ் போன்றவற்றை முதலில் தொடங்கலாம். ஊர் விட்டு ஊர் போய் ஆடும் போட்டியும், கூரைக்குக் கீழே உரசி ஆடும் ஆட்டமும், வகுப்பறையில் பாய் விரிக்கும் தங்கலும், உள்ளூரில் தொற்று இறங்கும்வரை கிடையவே கிடையாது. இதில் பேரம் பேசக் கூடாது.

பெற்றோர்களே, கல்லூரியிலிருந்து அந்த போன் வந்தால் “பாதுகாப்பா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வகுப்பு நேரில் நடக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை டெஸ்ட், அந்தச் செலவு யாருடையது, ஒருவனுக்கு வந்தால் மற்றவர்களை எங்கே தங்க வைப்பீர்கள் என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு வந்தால் போட்டியை நிறுத்துவீர்கள், அதை முடிவு செய்வது டாக்டரா, கோச்சா, தாளாளரா என்று கேளுங்கள். தேறி வந்தவனுக்கு இ.சி.ஜி.யாவது எடுத்துப் பார்த்துத்தான் களத்தில் விடுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொறுப்பெல்லாம் பெற்றோருடையதே என்ற படிவம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால், சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர் இருந்தால், அதையும் கல்லூரியிடம் சொல்லுங்கள். போட்டி முடிந்து பையன் திரும்பி வருவது அவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சில் படபடப்பு, படி ஏறினால் வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது, எது இருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். பி.டி. சாரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் வீட்டுக்கு போன் போடுங்கள். இடம் போய்விடும் என்று மறைத்து ஆடாதீர்கள். காய்ச்சலோடு யார் ஆடச் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.